குடும்பத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரே பிக்கப்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி இதுதான்: தர்மபுரியில் வீடு, பாலக்கோடு பக்கம் 3 ஏக்கர் தோட்டம். வீட்டில் 5 பேர், அதில் ஒருவர் எழுபதைத் தாண்டிய பாட்டி. மாதத்தில் ஒன்றிரண்டு முறை ஒகேனக்கல், வத்தல்மலை, அஞ்செட்டி என்று கிளம்புகிறவர்கள். தக்காளி, மாங்காய் சீசனில் கொஞ்சம் சரக்கும் ஏற்ற வேண்டும். சிங்கிள் கேபினா டபுள் கேபினா, 4×4 தேவையா, ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா, பின்னால் கேனோபி (தொட்டியை மூடும் கூண்டு) போடலாமா?

ஷோரூமில் இந்த வரிசையில்தான் பேச்சு போகும். ஆனால் இவற்றுக்கு முன்னால் முடிவாக வேண்டியவை இரண்டு. எத்தனை கிலோ ஏற்றப்போகிறீர்கள்? வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா? இந்த இரண்டும் தெளிவானால் மற்றதில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

எடையில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். பிக்கப் என்றாலே ஒரு டன் தாங்கும் என்று நினைப்பு. வண்டியின் ஆர்சியில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. அந்தக் கணக்கில் ஆட்களும் சேர்த்திதான். பின் தொட்டியில் கிடக்கும் சரக்கு மட்டும் இல்லை. கேனோபி, பெட் லைனர் (தொட்டிக்குள் போடும் உறை), ரோல் பார் (கேபினுக்குப் பின்னால் நிற்கும் கம்பி வளைவு), கூரை கேரியர் எல்லாமே அதற்குள் வரும்.

ஒரு உதாரணத்துக்கு, கழித்த பிறகு 500 கிலோ வருகிறது என்று வையுங்கள். 5 பேர், ஆளுக்குச் சராசரி 65 கிலோ: 325 போச்சு. மீதி 175. ஃபைபர் கேனோபி 70 கிலோ என்றால் மீதி 105. ஒரு தக்காளி கிரேட் நிரம்பினால் சுமார் 25 கிலோ. அதாவது நாலு கிரேட். அவ்வளவுதான் அந்தப் பெரிய வண்டியின் நிஜமான கொள்ளளவு. வீட்டு உபயோகத்துக்கென்று வெள்ளை போர்டில் விற்கும் பிக்கப்புகளில் சிலவற்றுக்கு இந்த 500 கூட வராது. குடும்ப வசதிக்காக ஸ்பிரிங்கை மென்மையாக்கி, பாதுகாப்புக் கருவிகளையும் சீட்டையும் கூட்டியதில் காலி எடை ஏறிவிடுகிறது. அதனால் எந்த மாடலாக இருந்தாலும் டெமோ வண்டியின் ஆர்சியைக் கேட்டு வாங்கி நீங்களே கழித்துப் பாருங்கள். விற்பனையாளர் வாயால் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. பக்கவாட்டிலோ பின்னாலோ சரக்கு துருத்திக்கொண்டு நின்றால் அதற்கும் தனியாக 20,000. இது அபராதக் கணக்கு மட்டும்தான். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் படும் பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது போர்டு. இரட்டை கேபின் பிக்கப் இங்கே இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, தனிநபர் வண்டியாகப் பதிவாகிற வெள்ளை போர்டு: இசுசு வி-கிராஸ், இசுசு ஹைலேண்டர், டொயோட்டா ஹைலக்ஸ். இன்னொன்று, சரக்கு வண்டியாகப் பதிவாகிற மஞ்சள் போர்டு: மஹிந்திரா பொலேரோ கேம்பர், இசுசு எஸ்-கேப், டாடா யோதா க்ரூ கேப். இரண்டிலும் 5 பேர் உட்காரலாம். மற்ற எல்லாமே வேறு.

மஞ்சள் போர்டுக்கு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) உண்டு. முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பர்மிட் தேவையில்லை, அது ஒரு நிம்மதி. இன்சூரன்ஸ் சரக்கு வண்டிக் கணக்கில் வரும். வெள்ளை போர்டுக்கு 15 வருடம் வரை எஃப்சி பேச்சே இல்லை. ஆனால் ஆயுள் வரி கடிக்கும்: 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான தனிநபர் கார்களுக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 30 லட்சம் வண்டி என்றால் வரி மட்டுமே 6 லட்சம். ‘ஆன் ரோடு’ விலையை எழுதி வாங்காமல் பட்ஜெட் போட வேண்டாம்.

சுங்கச்சாவடியிலும் வித்தியாசம் உண்டு. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு 200 தடவை என்று வந்த ஃபாஸ்டாக் வருடப் பாஸ், வணிக உபயோகமில்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். கிருஷ்ணகிரி சாவடியை வாரம் இரண்டு முறை தாண்டுகிற குடும்பத்துக்கு அது பெரிய மிச்சம். மஞ்சள் போர்டுக்குக் கிடைக்காது. லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். சாதாரண எல்எம்வி (இலகு வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

வெள்ளை போர்டில் சொந்தச் சாமான் கொண்டுபோவது வேறு, அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவது வேறு. பக்கத்துத் தோட்டக்காரர் “டீசல் காசு குடுத்துடறேன் அண்ணா, மண்டிக்கு இந்த நாலு மூட்டையைப் போட்டுக்குங்க” என்பார். அந்த நேரத்தில் விபத்து நடந்தால், தனிநபர் பாலிசியை வைத்து க்ளெய்ம் கேட்க முடியாத நிலை வரும். அதேபோல் பின் தொட்டியில் ஆள் ஏற்றும் பழக்கம். கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் சர்வசாதாரணமாகப் பத்துப் பேர் ஏறி நிற்கிறார்கள். சரக்கு வண்டியில் இப்படி இலவசமாக ஏறியவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பணம் வண்டிக்காரர் தலையில்தான் விழும். “தோட்டத்துக்குள்ள தானே” என்று குழந்தைகளை நிற்க வைப்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆக, உங்கள் சரக்கு எவ்வளவு? சீசனில் வாரம் மூன்று நாள் 30 கிரேட் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்றால் அது 750 கிலோ. வெள்ளை போர்டு இரட்டை கேபினில் அது நடக்காது. எடையும் தாங்காது, இடமும் இல்லை. இரட்டை கேபினின் தொட்டி நீளம் சுமார் ஒன்றரை மீட்டர், அதாவது 5 அடி. இரண்டு வீல் ஆர்ச்சுகளுக்கு நடுவே சுமார் 1.1 மீட்டர். 600-க்கு 400 மில்லிமீட்டர் கிரேட்டை வைத்துப் பார்த்தால் அடித்தட்டில் நாலிலிருந்து ஆறுதான் நிற்கும். 8-க்கு 4 பிளைவுட் படுக்காது. பைக்கை ஏற்றினால் டெயில்கேட் மூடாது. இப்படிப்பட்ட சரக்குக்குக் குட்டியானையை வாடகைக்குக் கூப்பிடுங்கள், அல்லது பழைய சிங்கிள் கேபின் ஒன்றை வாங்கித் தோட்டத்திலேயே நிறுத்துங்கள். குடும்பத்துக்குத் தனியாக ஒரு எஸ்யூவி. இரண்டும் சேர்ந்தே ஒரு ஹைலக்ஸை விடக் குறைவாக முடியலாம்.

மாறாக, வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூட்டை உரம், ஒரு மோட்டார், சொட்டுநீர் பைப் சுருள், நாலைந்து கிரேட் மாங்காய் என்றால் வெள்ளை போர்டு இரட்டை கேபின் பொருந்தும். ஆனால் அன்றைக்கு ஐந்து பேரும் உள்ளே இருக்கக் கூடாது. இரண்டு பேர் போனால் 200 கிலோ கூடுதலாக ஏற்றலாம். நடுவே இருப்பது கேம்பர் வகை: சுமார் ஒரு டன் தாங்கும், 5 பேர் உட்காரலாம், விலை பாதிக்கும் கீழ். 2.5 லிட்டர், 75 குதிரைத்திறன் எஞ்சின். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் பாட்டியைப் பின் சீட்டில் வைத்துச் சேலம் ஆஸ்பத்திரி வரை கூட்டிப்போகிற வண்டி அது இல்லை. காலியாகப் போகும்போது கடினமான பட்டை ஸ்பிரிங் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும்.

பட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பிக்கப்பின் பின் சஸ்பென்ஷன் பாரம் ஏற்றினால்தான் வேலை செய்யும்படி கட்டியது. காலி வண்டி குதிப்பது கோளாறு இல்லை. அதைக் குறைக்க டயர் காற்றைச் சரியாக வைப்பதுதான் முதல் வழி: ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலிக்கும் முழு பாரத்துக்கும் தனித்தனி அளவு இருக்கும். பங்க் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்துவிடுவான், நீங்கள்தான் சொல்ல வேண்டும். “ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடலாம்” என்று பட்டறையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டை கூடினால் ஆர்சியில் உள்ள மொத்த எடை கூடாது. ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழைய அளவுதான். உள்ளே இருப்பவர்கள் முதுகு மட்டும் போகும்.

பின் சீட்டு இந்த வீட்டுக்கு முக்கியம். பிக்கப்பில் பின் சீட்டின் முதுகு கேபின் சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்கும், எஸ்யூவி போலச் சாய்க்க முடியாது. தரையும் உயரம், அதனால் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். வெளியே ஃபுட் ஸ்டெப், உள்ளே தூணில் கைப்பிடி இரண்டும் இருந்தால்தான் வயதானவர் ஏறுவார். பின்பக்க ஏசி வென்ட், நடுவில் உட்காருபவருக்கும் மூன்று முனை பெல்ட், குழந்தை சீட்டு மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகியவற்றை வேரியன்ட் வாரியாகப் பாருங்கள். ஒரே மாடலின் கீழ் வேரியன்டில் இருக்காது.

நீளத்தையும் மறக்க வேண்டாம். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டும் சுமார் 5.3 மீட்டர். இன்னோவா கிரிஸ்டா 4.7 தான். வீட்டுப் போர்டிகோவையும் கேட்டையும் டேப் வைத்து அளந்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். வண்டி திரும்ப ஆரம் மட்டுமே 6 மீட்டருக்கு மேல் வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வத்தல்மலை ஏற்றத்தில் எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் போட வேண்டியிருக்கும். பின் கேமராவும் சென்சாரும் இதற்காகவே.

4×4 பற்றிக் கேட்டால் என் பதில் ஊர் சுற்றுவதை வைத்து வராது, உங்கள் தோட்டத்துப் பாதையை வைத்துத்தான் வரும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குவது தார் ரோடு. வத்தல்மலையும் தார் ரோடு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப் பாதையும் ரோடுதான். ரோட்டை விட்டு உள்ளே இறங்க உங்களுக்கு அனுமதி கிடையாது. 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று இந்தப் பகுதிக் காடுகள் வனவிலங்கு சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டுவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் டென்ட் அடிப்பது, சமைப்பது, ஆற்றங்கரைக்கு வண்டியை ஓட்டுவது எல்லாம் வழக்கில் முடியும். இருட்டிய பிறகு யானை குறுக்கே நிற்கிற பாதை அது, ஃபோர் வீல் டிரைவ் அங்கே உதவாது. மாலைக்குள் தாண்டிவிடுங்கள்.

ஆனால் மழை பெய்த செம்மண்ணில், உழுத காட்டோரத்தில், ஏரிக்கரை ஏற்றத்தில் காலியான பின்சக்கர பிக்கப் நம்ப முடியாத அளவுக்குச் சின்ன சேற்றிலும் சிக்கும். எஞ்சின் எடை முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால், அதன் மேல் பாரமே இல்லை. பாதைக்கு முரம்பு கொட்டியிருந்தால் 4×2 (பின்சக்கரம் மட்டும் இழுப்பது) போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஆல்-டெரைன் டயர் போடுங்கள். முரம்பு இல்லை, சரிவும் உண்டு என்றால் 4×4 வேண்டும், அதுவும் லோ ரேஞ்சுடன் (மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு போகும் கியர்). ஹைலக்ஸ் இங்கே 4×4 ஆகவே வருகிறது, பின் டிஃபரன்ஷியல் லாக்கும் (பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) உண்டு. வி-கிராஸில் 4×2, 4×4 இரண்டும் கிடைக்கும். ஹைலேண்டர் 4×2 மட்டும்.

வாங்கியபின் கெடுப்பது எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இவை பார்ட்-டைம் 4×4. நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. 4ஹெச்-இல் (சாதாரண வேகத்துக்கான 4×4) போட்டுக் காய்ந்த தார் ரோட்டில் வளைந்தால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், ஆனால் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும். ஸ்டியரிங் இறுகும், டயர் கீச்சிடும், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேயும். ஈரமோ மண்ணோ இருந்தால் மட்டும் போடுங்கள். 4எல்-க்கு (லோ ரேஞ்ச்) வண்டியை நிறுத்தி நியூட்ரலில் மாற்ற வேண்டும். டிஃப் லாக்கை நேர்கோட்டில் மட்டும் போட்டு, வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். மறுபக்கம், மாதக்கணக்கில் 4×4-ஐத் தொடாமலே விட்டாலும் மாற்றும் பாகங்கள் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை மண் பாதையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். சேற்றில் சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கு முன் டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், பெரும்பாலும் அதிலேயே வெளியே வரும். கையில் ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர் இருக்க வேண்டும். அந்தக் காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும். இழுக்கும் கயிற்றை வண்டியோடு வந்த டோ ஹூக்கில் மட்டும் மாட்டுங்கள், பம்பரில் வேண்டாம்.

கியர். வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். ஹைலக்ஸின் 2.8 லிட்டர் 204 குதிரைத்திறன். மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். உங்கள் வேலைக்கு இரண்டுமே தாராளம். ஓசூர், பெங்களூரு நெரிசலில் அடிக்கடி மாட்டுகிறவருக்கும் மலை ஏற்றத்தில் நின்று கிளம்பப் பயப்படுகிறவருக்கும் ஆட்டோமேட்டிக்தான் நல்லது. ஒரே நிபந்தனை, இறக்கத்தில் மேனுவல் மோடுக்கு மாற்றிக் கியரைக் குறைக்கப் பழக வேண்டும்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது வரும் தொப்பூர் இறக்கம் இதற்கான தேர்வு. இறங்கத் தொடங்கிய பிறகு கியரைக் குறைப்பது தாமதம்; மேலே சமதளத்திலேயே வேகத்தை 40, 50-க்குக் கொண்டுவந்து குறைந்த கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடாகி உராய்வு குறையும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் அதில் சேர்ந்த ஈரம் கொதித்துக் குமிழாகி, பெடல் தரை வரை போகும். பாரம் கூடக்கூட இது சீக்கிரம் வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது அதனால்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதை இந்த ரோட்டில் செய்யவே கூடாது.

பிஎஸ்-6 டீசலில் இன்னொரு தொல்லை டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. வீட்டிலிருந்து தோட்டத்துக்கு 4 கிலோமீட்டர், மறுபடி 4 என்று மட்டுமே ஓடினால் வடிகட்டியில் கரி சேரும், அதை எரித்துத் தள்ள வெப்பம் கிடைக்காது. வாரம் ஒருமுறை என்எச் 44-ல் 20, 30 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றே. விளக்கோடு வாரக்கணக்கில் ஓட்டினால் சர்வீஸ் சென்டர் பில் வேறு மாதிரி இருக்கும்.

பின் தொட்டிக்கு வருவோம். முதலில் பெட் லைனர். அது இல்லாமல் உர மூட்டை ஏற்றினால் பெயின்ட் போய்த் துரு பிடிக்கும். மூடுவதற்கு மூன்று வழி. தார்ப்பாய் மலிவு, கொக்கியும் ராட்செட் பெல்ட்டும் இருந்தால் போதும், உயரமான சரக்கும் ஏற்றலாம். டோனோ கவர் (தொட்டியின் மேல் தட்டையாக மூடுவது) சாமான்களைக் கண்ணிலிருந்து மறைக்கும், மழையை ஓரளவு தடுக்கும். கேனோபி பூட்டலாம், நனையாது, ஆனால் எடையைத் தின்னும், உயரமான சரக்கை மறந்துவிட வேண்டும். உங்கள் உபயோகத்துக்கு மடிக்கிற டோனோ கவரைத்தான் சொல்வேன். ஒகேனக்கலில் திறந்த தொட்டியில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு நகர்ந்தால் குரங்குகள் மிச்சம் வைக்காது.

கேனோபிதான் வேண்டும் என்றால் வண்டி நிறுவனத்தின் அக்சசரி பட்டியலில் உள்ளதையே, வாங்கும்போதே பில்லில் சேர்த்துப் போடுங்கள். தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றும் வேலை செல்லாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து ஆர்டிஓ கேள்வி கேட்கலாம். முன்னால் புல் பார் போடவே வேண்டாம்: 2017 டிசம்பரிலிருந்து தடை, தவிர ஏர்பேக் சென்சார் சரியான நேரத்தில் வேலை செய்யாமல் போகும்.

எதை வைத்து மூடினாலும் செம்மண் தூசி பின்பக்கம் வழியாகத்தான் வரும். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் டெயில்கேட் இடுக்கில் தூசி உள்ளே இழுக்கப்படும். கதவு ரப்பர் போல டெயில்கேட்டைச் சுற்றி ஒரு சீல் ஒட்டினால் பெருமளவு நிற்கும். கனமான சாமானைக் கேபின் சுவரை ஒட்டி, பின் ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள். டெயில்கேட் பக்கம் பாரம் போனால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் மிதக்கும்.

கடைசியாக டெஸ்ட் டிரைவ். தனியாகப் போகாதீர்கள், ஐந்து பேரும் ஏறுங்கள், பாட்டி பின் சீட்டில். தர்மபுரி ஊருக்குள் ஒரு சுற்று போதாது, பென்னாகரம் ரோட்டில் வேகத்தடைகளோடு 40 நிமிடமாவது ஓட்டுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியைச் செயின் போட்டு இறக்கச் சொல்லுங்கள்: மற்ற நாலு டயரின் அதே அளவா, இறக்கும் கம்பி எங்கே இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். பிறகு சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், கிளட்ச் செட்டும் முன் கண்ணாடியும் கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். பதில் “வரவழைச்சுக் குடுத்துடுவோம் சார்” என்று வந்தால், எத்தனை நாளில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.